படிவத்தின் மூன்றாவது கேள்வி

மார்ச் 4

இன்று முப்பத்தொன்றாவது நோயாளி. இன்னும் ஒன்பது பேர் சேர்ந்தால் ஆய்வுக்குப் போதும். சிறுநீர்ப்பாதையைப் படமெடுக்கும்போது உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளப்பது என் வேலை. நகத்தில் பாதி அளவுள்ள வெள்ளை வில்லை ஒன்றைக் கறுப்பு உறையிலிட்டு வயிற்றில் ஒட்டுவேன்.

வந்தவர் ஒரு தையல்கார அக்கா. முப்பத்தெட்டு வயது, சிறுநீரகக் கல். வில்லையைப் பார்த்து, "என்னம்மா, வயித்துல பட்டன் வைக்கிறே? காஜா நான் எடுத்துத் தரட்டுமா?" என்றார். எக்ஸ்ரே அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். குடலில் காற்று மறைத்ததால் ஏழு படத்துக்குப் பதில் பத்து.

படிவத்தின் மூன்றாவது கேள்வியை அண்ணன் என் தலையில் கட்டியிருக்கிறார்: கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, கடைசி மாதவிலக்கு எப்போது. அக்காவிடம் கேட்கவில்லை. பதினொரு வருடமாகக் குழந்தை இல்லை என்று அவரே சொல்லியிருந்தார். கதவருகே மாமியார் வேறு. அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? 'இல்லை' என்று நானே டிக் போட்டுக் கையெழுத்திட்டேன்.

மார்ச் 9

வில்லைகளை வாசிக்கும் கருவி பழுது. பேருந்தில் குடையை விட்டுவிட்டேன்.

மார்ச் 27

அண்ணன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்தத் தையல்காரம்மா முழுகாம இருக்காங்களாம். ஒன்பது வாரம்."

விரல்விட்டு எண்ணினேன். படமெடுத்த அன்றே நாள் தள்ளிப்போயிருக்கிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். உள்ளே இருந்திருக்கிறது — பத்து படமும் பட்டிருக்கிறது. பத்து!

மகப்பேறு டாக்டரம்மா கலைத்துவிடச் சொல்கிறாராம். எவ்வளவு பட்டதென்று யாருக்குத் தெரியும் என்றாராம்.

வாசிக்காத வில்லைகள் இருக்கும் என் பெட்டிக்குத் தெரியும். வில்லை எண் 31.

மார்ச் 28

டாக்டரம்மா படிவத்தை வரவழைத்தார். "நீங்கதானே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க?" அக்கா தரையைப் பார்த்தபடி, "சொல்லியிருப்பேன் போல," என்றார். மாமியார், "வாய் கூசாமச் சொல்லியிருக்காளே," என்றார். நான் கோப்பு அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்று கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கலைப்பதற்கு ஏப்ரல் 2 அன்று வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே அண்ணன்: "வாயத் திறக்காத தங்கச்சி. உன் படிப்பும் போகும், என் வேலையும் போகும்."

மார்ச் 29

கருவி சரியாகிவிட்டது. ஆனாலும் பெட்டியைத் திறக்க முடியவில்லை. வில்லை ஒரே ஒரு தடவைதான் பேசும். சூடாக்கினால் வாங்கி வைத்ததையெல்லாம் வெளிச்சமாகக் கொட்டிவிட்டு வெறுமையாகிவிடும். என் கை தவறினால், கருவி மறுபடி மக்கர் செய்தால், அவ்வளவுதான். பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பெரிய எண்ணாக வந்தால்?

சின்ன எண்ணாக வந்தாலும், எப்படி இந்த நிலைமை வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். ஐயோ, ஒரு வார்த்தை ஏன் கேக்கல நான்? அவங்க மனசு நோகும்னா? சும்மா சொல்லாதடி. உனக்கு சங்கடமா இருந்துச்சு, அதான்.

மார்ச் 30

முதலில் பழைய வில்லைகள் மூன்றை வாசித்துக் கருவியைச் சோதித்தேன். பிறகு 31. இடுக்கியால் எடுக்கும்போது ஒருமுறை நழுவித் தட்டிலேயே விழுந்தது. திரையில் கோடு மெல்ல ஏறி, வளைந்து, இறங்கியது.

தோல் வாங்கிய கதிர்வீச்சு நாற்பத்தொன்று. கருப்பையில் ஏறக்குறைய பன்னிரண்டு மில்லிகிரே. மூன்று முறை கணக்குப் போட்டேன். என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் தனியாகப் போட்டுப் பார்த்தார். பன்னிரண்டுதான். நூற்றுக்குக் கீழே இருந்தால் இந்தக் காரணத்துக்காகக் கலைக்க வேண்டியதில்லை என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

அவரிடம் டிக்கைப் பற்றியும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நம்பரையும் நீயே கொண்டு போ. அந்த டிக்கையும் நீயே கொண்டு போ."

மார்ச் 31

போனேன். டாக்டரம்மா காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு டிக் விஷயத்தைச் சொன்னேன். அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. ஒரு மாதம் படப் பிரிவுப் பக்கம் வரக்கூடாது. சரி.

டாக்டரம்மா வரவழைத்திருந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டன் என்ன சொல்லுச்சு?"

"பயப்படற அளவுக்கு இல்லக்கா. நான்தான் உங்களக் கேக்காமலே —"

"அப்ப நான் பொய் சொல்லலல்ல?"

"இல்லக்கா."

மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி நடந்தார்.

ஏப்ரல் 2

அக்கா வரவில்லை. அண்ணன் போன் செய்து சொன்னார். அவருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. "நல்லாயிரு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஜூன் 19

பன்னிரண்டு சின்ன எண். எனக்குத் தெரியும், பிறருக்குப் பாடமே எடுப்பேன். இருந்தும் தெருவில் வயிறு தள்ளிய பெண் வந்தால் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகிறேன். ஒன்றுமே படாத பிள்ளைகளுக்கும் ஏதாவது ஆவதுண்டே. ஆனால் இந்தப் பிள்ளைக்கு ஏதாவது என்றால்? அப்போது எந்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவேன்?

அக்டோபர் 30

அக்காவுக்குப் பிரசவம் இன்றோ நாளையோ. யாரிடமும் விசாரிக்கத் துணிவில்லை.

ஜனவரி 17

அக்கா வந்திருந்தார். கல்லுக்காக ஒரே ஒரு படம். மாமியார் தோளில் பெண் குழந்தை, கைமுட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. சட்டையில் இருக்கிற இடமெல்லாம் பட்டன். முதலில் விரல்களை எண்ணினேன். பிறகுதான் முகத்தைப் பார்த்தேன்.

பெயர், ஒவ்வாமை — எழுதினேன். மூன்றாவதில் பேனா நின்றது.

"கேளு," என்றார் அக்கா. "இந்தத் தடவையாவது கேளு."

கேட்டேன்.

"இவ பொறந்ததுலேருந்து இன்னும் வரல."

"அப்போ முதல்ல சிறுநீர் டெஸ்ட் பண்ணிடலாம்க்கா. அப்புறம்தான் படம்."

"நல்ல பொண்ணும்மா நீ! அதுக்குள்ளயா?" என்று மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. குழந்தையை வாங்கி என்னிடம் நீட்டிவிட்டுப் பரிசோதனைக்குப் போனார்.

முடிவு வரும்வரை என் மடியில் இருந்தது.