வாறனும் வாரானும்

தண்ணீரூற்று,
முல்லைத்தீவு.
04.10.2025

அன்பின் சுதாகரன் அண்ணாவுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். நோர்வேயில நீங்களும் சுகம் எண்டு உங்கட தங்கச்சி கௌசலா ரீச்சர் சொன்னா. அவாதான் எங்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறா. நான் அனுப்பின ஏழு மின்னஞ்சலுக்கும் மறுமொழி இல்லாதபடியால் உங்கட விலாசத்தை அவாவிட்டக் கெஞ்சி வாங்கினன். கையால எழுதிறதில ஒரு நன்மை, பேனை என்ர சொல்லைத் திருத்தாது.

நான் றினோஸா, வயது பதினாறு. போனில தமிழ் அடிக்கிற உங்கட விசைப்பலகைச் செயலிக்கு ஆர் வேணுமெண்டாலும் திருத்தம் அனுப்பலாம், நீங்கள் பாத்துத்தான் சேர்ப்பீங்கள் எண்டு கேள்விப்பட்டன். உண்மையாப் பாக்கிறீங்களோ எண்டு பாக்க, உங்கட பேருக்குப் பக்கத்தில இருக்கிற 'பராமரிப்பாளர்' எண்ட சொல்லை அடிச்சால் 'பாரமரிப்பாளர்' எண்டு மாறப் பண்ணி அனுப்பினன். பாரம் அரிக்கிற ஆள் எண்டு அர்த்தம். நீங்கள் பாக்கேல்ல. அது எல்லாற்ற போனுக்கும் போய், ஒரு வாசிகசாலை அறிவித்தலிலயும் ஏறிச்சுது. அண்டைக்கே எடுத்துப்போட்டு எனக்கு ஒரு வரி எழுதினீங்கள். நல்ல சொல் தங்கச்சி, பொருத்தம்தான் எண்டு. அதுக்குப் பிறகு எட்டு மாசமா உங்கட சத்தமே இல்லை.

போன மாசம் என்ர அக்கா ஸக்கியா ராத்தாவைப் பொம்பிளை பாக்க றிஷாட் எண்டவர் வவுனியாவில இருந்து வர இருந்தார். 'பின்னேரம் வாறன்' எண்டு அவர் அடிக்க, உங்கட பலகை 'வாரான்' எண்டு திருத்திப்போட்டுது. வாரான் எண்டால் இலக்கணப்படி வரமாட்டான்தானே; அப்பிடி ஆரோ அவற்ற வீட்டாக்கள் எழுதினதா நினைச்சு, உம்மா அவருக்கெண்டு இனிப்பா அவிச்ச வட்டிலாப்பத்தைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டா. மனிசன் வந்து வெறுந்தேத்தண்ணி குடிச்சார். நிக்காஹ் தை மாசம், பயப்பிடாதையுங்கோ.

அந்தத் திருத்தத்தைத் தேடிப் போனன். பதின்மூண்டு வருசத்துக்கு முதல் நீங்கள் போட்டது. பக்கத்தில குறிப்பு: எங்கட பேச்சுச் சொற்களைப் பிறகு சேர்க்க வேணும். அந்தப் 'பிறகு' என்னைவிட மூண்டு வயதுதான் இளமை.

முதல் வருசம் முப்பத்தொரு பேர் இருந்திருக்கிறீங்கள். அக்கராயனில உங்களோட படிச்ச ஜெயந்தன் ஒரு கிழமையில நானூறு சொல் சேர்த்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு பேரா நிண்டுபோகுது. என்ர பகிடியை விட்டால் கடைசி நாலு வருசமும் உங்கட பேர் மட்டும்தான். அவையெல்லாம் எங்க போச்சினம்? நீங்கள் மட்டும் ஏன் போகேல்ல? நன்றி எண்டு ஆரும் எழுதியிருக்கினமோ எண்டு தேடினன். ரெண்டு கிடைச்சுது. அதில ஒண்டு பகிடிக்கு நான் எழுதினது.

இப்ப விசயத்துக்கு வாறன். மார்கழி முதலாம் திகதிக்குள்ள புதுப் பதிப்பு வராட்டில் பலகையைச் செயலிக் கடையில இருந்து தூக்கிப்போடுவினமாம். பதிப்பை வெளியிடுற சாவி, அந்தக் கடவுச்சொல் மாதிரியான கோப்பு, உங்களிட்ட மட்டும்தான் இருக்கு. நானும் என்ர அண்ணன் முன்ஸிர் காக்காவும் நாப்பத்தாறு திருத்தம் செய்து, ஒருத்தர் செய்ததை மற்றவர் பாத்து வைச்சிருக்கிறம். வாறனும் அதில இருக்கு. நான் ஒளிச்சு வைச்ச மூண்டு பகிடியையும் காக்கா பிடிச்சிட்டார். அப்ப ரெண்டு பேர் பாத்தால் வேலை செய்யுது, அண்ணா.

நீங்கள் வேலைக்குப் போறீங்களாம், சாப்பிடுறீங்களாம், கணினியை மட்டும் திறக்கிறேல்லையாம். என்ர பகிடிதான் கடைசிப் பாரமோ எண்டு ரீச்சரைக் கேட்டன். அவா கரும்பலகையைத் துடைச்சுக்கொண்டே நிண்டா. அதில ஒண்டும் எழுதியிருக்கேல்ல.

உங்களுக்காக உம்மா துஆ கேக்கிறா. வட்டிலாப்பத்தையும் மன்னிச்சிட்டாவாம்.

திரும்ப வேலை செய்யச் சொல்லிக் கேக்கேல்ல. சாவியில ஒரு பிரதி தந்தால் காணும். எழுத அலுப்பெண்டால் ரீச்சற்ற போனுக்கு ஒரே ஒரு சொல் அனுப்புங்கோ. உங்கட பலகை அதை வாரான் எண்டு மாத்தினாலும், இஞ்ச நாங்கள் வாறன் எண்டுதான் வாசிப்பம்.

பாரத்தில பாதி கேக்கிற,
றினோஸா