இன்னும் ரெண்டே வருஷத்தில் ஏறிவிடும் தெரு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் குடும்பமும் சுகமாக இருக்கிறோம், உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்காலத்தில் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னக்குட்டியும் சுகமாக இருப்பீர்கள், வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்கட்டும். இது யாருடைய எழுத்து என்று யோசிக்காதே, என்னுடையதுதான். இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் நான் சொல்ல உன் அண்ணன் எழுதியது, நான் பத்து வார்த்தை சொன்னால் அவன் நாலு வார்த்தை எழுதுவான், மிச்சம் எங்கேடா என்று கேட்டால், சுருக்கமா எழுதணும்ப்பா என்பான். இதில் எல்லா வார்த்தையும் என்னுடையது, ஒன்றையும் யாரும் தின்னவில்லை. ஒரு பக்கம் எழுதி முடிக்கிறதுக்குள் காப்பி ஆறிவிடுகிறது. உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று, போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ல வேண்டியதை இப்படிச் செதுக்கிட்டு இருக்கீங்களே, கல்வெட்டா வைக்கப் போறீங்க என்கிறாள். போனில் சொல்ல முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பட்டென்று போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் அது மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நீ கோபப்பட்டதில் தப்பே இல்லை. ஒரே ஒரு படுக்கையறையில் மூன்று பேர் படுக்கிறீர்கள், நாலாவது ஆள் வந்துகொண்டிருக்கிறது, சொந்தமாக ஒரு வீடு பார்த்து வைத்துவிட்டு முன்பணத்துக்காகக் காத்திருக்கிறீர்கள். அங்க நாம வாங்கிப் போட்ட வீட்டை வித்துடுங்கப்பா என்று நீ கேட்டாய், நானும் சரி என்றேன். அப்புறம் சனிக்கிழமை கையெழுத்துப் போடப் போனவன் போடாமல் திரும்பி வந்தேன். உங்களுக்கு விக்க மனசு இல்லைன்னா நேரா சொல்லுங்கப்பா, ஏன் இழுத்தடிக்கிறீங்க என்று கேட்டுவிட்டு நீ வைத்துவிட்டாய். பாப்பா, விற்க மனசில்லாமல் போக அந்த வீட்டில் என்ன இருக்கிறது சொல். நம் குடும்பத்தில் ஒருவர்கூட ஓர் இரவு அதில் படுத்ததில்லை. உன் சேமிப்பையும் என் பஞ்சர் கடையை விற்ற பணத்தையும் சேர்த்து முதலீடு என்று வாங்கிப் போட்டது. நடு ஊர் சார், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க என்றார் தரகர். நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன், அவர் காட்டின இடத்திலெல்லாம் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன்.

அவருக்கு உன் அம்மா வைத்த பேர் உனக்கு நினைவிருக்கும், ரெண்டு வருஷம். எப்போது கேட்டாலும், இன்னும் ரெண்டே வருஷம் சார், அந்த ஏரியா எங்கேயோ போயிடும் பாருங்க என்பார். ஏரியா எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. நடுவில் ஒருவர் வாசலில் பூந்தொட்டி வைத்து, கண்ணாடிக் கதவு போட்டு ஒரு காப்பிக் கடை திறந்தார், தெரு ஏறிவிட்டது என்று உன் அண்ணன் வாடகையை ஏற்றச் சொன்னான், அடுத்த மழைக்குள் கடை போய்ப் பூந்தொட்டி மட்டும் நின்றது, இப்போது அதில் நம் வீட்டு இஸ்திரி அக்கா மிளகாய்ச் செடி வைத்திருக்கிறாள். கீழ்த்தளத்தில் குடியிருந்து முன்னறையில் துணி தேய்க்கிறவள், அவள்தான். மேல்தளம் ஒழுகுவதால் காலி. நடைபாதை போடுகிறோம் என்று வீட்டெதிரே ஒரு குழி தோண்டினார்கள், குழி பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். நான் அதை ஏதோ தேர்தல் விளம்பரம் என்று நினைத்துக்கொண்டு வருஷக்கணக்காக அதில் சைக்கிளைச் சாய்த்தேன். எழுத்துக் கற்றுக்கொண்ட பிறகுதான் படித்தேன். மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. வெயிலில் எழுத்து மங்கினால் ஆள் வந்து புதுப் பெயின்ட் அடித்துவிட்டுப் போகிறான். அந்தத் தெருவில் தவறாமல் மேம்படுத்தப்படுவது அந்தப் பலகை ஒன்றுதான்.

நான் எழுத்துக் கற்றதும் அதே தெருவில்தான், அதையும் நீ முழுதாகக் கேட்டதில்லை. அதே மேம்பாட்டுத் திட்டத்தில் தெருக்கோடியில் ஒரு நூலகம் கட்டினார்கள். கட்டடம் வந்தது, புத்தகம் வரவில்லை. சும்மா பூட்டி வைத்தால் கேள்வி வரும் என்று, சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு வைத்தார்கள். நான் வாடகை வாங்கப் போன ஒரு நாள் இஸ்திரி அக்கா, துணி குடுத்துட்டு வந்துடறேன் ஐயா, அந்த லைப்ரரியில ஃபேன் ஓடுது, போய் உக்காருங்க என்றாள். நான் ஃபேனுக்காகத்தான் போனேன். உள்ளே இருந்த டீச்சர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டுவிட்டாள். உன் வயதுதான் இருக்கும். நான் எழுந்தபோது, பேர் ஏறிடுச்சுங்க ஐயா, இனிமே நீங்க வரலைன்னா நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும் என்றாள். அவளுக்குக் கஷ்டம் வரக்கூடாதே என்று போகத் தொடங்கினேன். இப்போது கடைப் பலகை, பஸ் நெற்றி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் என்று ஒன்றையும் விடுவதில்லை. உன் அம்மாவுடன் தெருவில் நடந்தால் அவள் நாலு கடை முன்னால் போய் நிற்கிறாள்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். தரகர் ஆபீசில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் என்னையும் உன் அண்ணனையும் உட்கார வைத்தார். வாங்க வந்த பில்டரின் நெற்றிமேல் கறுப்புக் கண்ணாடி, இரண்டு கையிலும் இரண்டு போன். ஒப்பந்தத்தை மேசையில் வைத்து, நான் படிச்சுக் காட்டிடறேன் சார், நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும் என்றார் தரகர். நானே படிக்கிறேன் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். நான் எப்படிப் படிப்பேன் என்று அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. பாப்பா, நான் ஆயுள் முழுக்கப் பஞ்சர் பார்த்தவன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிச் சாண் சாணாகத் திருப்பிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் ஓட்டை கிடைத்தது போதும் என்று வெளியே எடுக்கிறவன் கடைக்கு அதே வண்டியைச் சாயங்காலம் தள்ளிக்கொண்டு வருவார்கள். முழுச் சுற்றும் சுற்றித்தான் எடுக்க வேண்டும். அதே மாதிரி விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக முக்கி எடுத்தேன். ஒரு குமிழிகூட இல்லை, சுத்தமான ஒப்பந்தம். ஆனால் சுற்று முடியவில்லையே. டீ வந்தது, மறுபடியும் டீ வந்தது. உன் அண்ணன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். வாங்குகிறவர் இந்தச் சொத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று ஒரு வரி வந்தது. அந்த ஒழுகும் மாடியில் இந்தப் பில்டர் பேரப்பிள்ளைகளோடு வாளி வைத்துக்கொண்டு ஆண்டு அனுபவிப்பதை நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் பில்டர் என்னையே பார்க்கிறார். சிரித்ததில் விரல் நகர்ந்து எந்த வரி என்று தெரியாமல் போய்விட்டது, சரி என்று மறுபடி முதல் பக்கத்திலிருந்தே தொடங்கினேன். அவ்வளவுதான், அவர் எழுந்துவிட்டார். பெரியவருக்கு எப்ப மனசு வருதோ அப்பக் கூப்பிடுங்க என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இதுதான் நடந்தது. மனசு எனக்கு அன்றைக்கே இருந்தது, விரல்தான் பின்தங்கிவிட்டது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அந்த ஒப்பந்தத்தின் அடியில் என் பேரை எழுத வேண்டும் என்று ஒரு வாரமாகப் பழகிக்கொண்டிருந்தேன். உன் அம்மா, கையெழுத்துப் போடத்தானே வீட்டையே விக்கிறீங்க, கேஸ் சிலிண்டர்காரன் நோட்டுல போட்டுக்கக் கூடாதா என்றாள்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன், அதற்குள் நிலைமை மாறிவிட்டது. நான் எழுதுகிற வேகத்துக்குச் செய்தி காத்திருப்பதில்லை. தரகர் போன் செய்தார், குரலில் இதுவரை இல்லாத மரியாதை. சார், நீங்க சாதாரண ஆள் இல்ல. ஒரு சிரிப்பு சிரிச்சீங்களே, பில்டருக்கு அப்பவே புரிஞ்சுபோச்சாம். ஸ்டேஷனுக்கு உங்க தெருப் பக்கம் புது வாசல் திறக்கப் போறது உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. விலையை ஏத்தித் தரேங்கறார் என்றார். வாசலா, எந்த வாசல் என்று கேட்டேன். பாருங்க, இதைத்தான் சொன்னேன் என்று அவரே சிரித்துக்கொண்டார். இதைக் கேட்டதும் உன் அண்ணன் கட்சி மாறிவிட்டான். அவன் ஏத்தறான்னா ஏதோ தெரிஞ்சுதான் ஏத்தறான், விக்கவே கூடாதுப்பா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க என்கிறான். எனக்குத் தெரியும் என்று பில்டர் நினைக்கிறார், பில்டருக்குத் தெரியும் என்று உன் அண்ணன் நினைக்கிறான். உன் அம்மா மட்டும், அந்த மேம்பாட்டுத் திட்டத்துல மேம்பட்டது நீங்க ஒருத்தர்தான், வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டுப் புள்ளைக்கு அனுப்புங்க என்றாள்.

எதற்கும் தெருவிலேயே கேட்போம் என்று இஸ்திரி அக்காவிடம் போனேன். வாசலா, நான் இங்க வந்தப்ப தோண்டின குழியில இப்ப மரம் மொளைச்சுக் காக்கா உக்காருது, வாசலைத் திறக்கப் போறாங்களாம் என்று சொல்லிப் பெட்டியைத் தண்ணீர் தெளித்த சட்டைமேல் வைத்தாள். வீடு கைமாறினால் உன் கதி என்னம்மா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் போன வாரமே பில்டரைப் பார்த்துப் பேசி, புதுக் கட்டடத்தில் முன்பக்கம் ஒரு கடை, அதுவரை அவருடைய பக்கத்து மனையில் பிளக் பாயின்ட்டோடு ஒரு கொட்டகை என்று எழுதியே வாங்கிவிட்டாள். உங்களை மாதிரி விரல் வச்சுப் படிச்சுட்டு உக்காந்திருந்தா என் பொழைப்பு என்ன ஆகறது ஐயா என்றாள். அவளுக்காக நான் இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்தது எனக்கே வெட்கமாகிவிட்டது.

திரும்பி வரும்போது அந்தக் குழியோரம் நின்று யோசித்தேன். ஒருவேளை வாசல் வரலாம், வராமலும் போகலாம். தெருவுக்கு என்ன, இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கும், அதற்குப் பழக்கம் இருக்கிறது. உன் வயிற்றில் இருப்பது காத்திருக்காது. அது பிறந்து, தவழ்ந்து, நடந்து, கட்டிலை விட்டு விழ ஆரம்பித்த பிறகு தெரு ஏறி எனக்கு என்ன ஆகப் போகிறது. அங்கிருந்தே நேராகப் பில்டர் ஆபீசுக்குப் போனேன். எனக்கு எந்த வாசலும் தெரியாது, நான் புதிதாகப் படிக்கக் கற்றவன், அதனால்தான் மெதுவாகப் படித்தேன், சிரிப்பு வேறு காரணம், பேசின பழைய விலையே போதும் என்று சொன்னேன். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. ஏற்றித் தருகிற பணத்தை வேண்டாம் என்கிறவனிடம் இன்னும் என்ன ரகசியம் இருக்கிறதோ என்று பயந்து, பெரியவரே, விளையாடாதீங்க, ஏத்தின விலைக்கே வெள்ளிக்கிழமை பதிஞ்சுடலாம் என்றார். உண்மையைச் சொல்லியும் நம்பாதவரை நான் என்ன செய்வது.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் என் பேரை முழுதாக எழுதினேன். பின்னால் நின்ற வரிசை கொஞ்சம் முணுமுணுத்தது, நான் நிமிரவில்லை. எழுதி முடித்துப் பேனாவை மூடினால், அந்த அலுவலர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி, கட்டைவிரலை வைங்க தாத்தா என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்றேன். கையெழுத்துப் போட்டாலும் ரேகை வைக்கணும், எல்லாருக்கும் ஒரே ரூல்தான் என்றார். இதற்காகவா இத்தனை நாள் படித்தேன் என்று ஒரு நிமிஷம் மனசு சுருங்கியது. திரும்பிப் பார்த்தேன், இரண்டு பட்டம் வாங்கின பில்டர் கைக்குட்டையில் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து மை போகாமல் நின்றுகொண்டிருந்தார். அப்புறம் நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன். பணம் பேங்கில் விழுந்துவிட்டது, உனக்கு அனுப்பும் வழியை உன் அண்ணன் பார்க்கிறான்.

மறுநாள் காலையில் ஒரு கலவரம். இஸ்திரி அக்கா போன் செய்து, குழிகிட்ட லாரி வந்து நிக்குது ஐயா, ஆளுங்க இறங்கறாங்க என்றாள். உன் அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், நான் சொன்னேனே, நான் சொன்னேனே என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வரவில்லை. அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்கள் பழைய பலகையைப் பிடுங்கி லாரியில் போட்டுவிட்டு, அதைவிடப் பெரிய புதுப் பலகை ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார்கள். குழியை யாரும் தொடவில்லை. நான் முன்னால் போய் நின்று, விரல் வைக்காமல், ஒரே மூச்சில், சத்தமாகப் படித்தேன். மேம்பாட்டுப் பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். பலகை நட்ட ஆள், நல்லாப் படிக்கறீங்களே பெரியவரே என்றான். உன் அண்ணன் அதற்குள் தெருக்கோடிக்கு நடந்துவிட்டான்.

நீங்கள் வாங்குகிற வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், ஆளுக்கொரு கட்டிலில் கைகாலை நீட்டிப் படுத்து, நிஜமாகவே புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவிக்க அப்பாவின் ஆசீர்வாதம், அம்மாவின் ஆசீர்வாதமும் அப்படியே, அவள் சொல்லச் சொல்ல எழுத முடியவில்லை, நானும் சுருக்கிவிட்டேன். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு. இந்தத் தெரு இன்னும் ரெண்டு வருஷத்தில் ஏறிவிடும் என்று அங்கே எவனாவது சொன்னால், பக்கத்தில் துணி தேய்க்கிறவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டு வாங்கு. இதற்குப் போனில் பதில் சொல்லாதே, கையால் எழுது, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக, ஒட்டாமல் எழுது. நான் படித்து முடிக்க நாள் ஆகும், அதனால் நீளமாக எழுது.

இப்படிக்கு,
தானே எழுதி, தானே படித்துப் பார்த்து, தானே உறை ஒட்டிய
உன் அப்பா