பணியாரக் கடையில் குடியேறிய தணலி

முகில் விலகாத ஏழ்சுனை நாட்டில் குடைநிழல் குளிர்க, கோல் வளையாதிருக்க, எவர் வீட்டு அடுப்பும் அணையாதிருக்க.

அரசியாரின் திருமுத்திரைக்கு ஏழு தலைமுறையாய்க் காவலான வெண்தழல் குடியின் மூத்தோர், முத்திரை நாயகர் வழுதியரையர், பாலத்தடிக் கடைத்தெருக் காவலர் பெருஞ்சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் தெருவின் கடைகளுக்கும், அவற்றுள் ஒன்று நீங்கலாக, நலமே விளைக.

நாயகர் வீட்டு அடுப்பில் பூனைக்குட்டியளவில் ஒரு தீப்பூதம் வாழ்ந்ததும், தணலி என்னும் அப்பூதம் ஊதி உருக்கிய அரக்கில் முத்திரை பதிந்தாலன்றி நாட்டில் எவ்வாணையும் செல்லாது என்பதும் நீர் அறிந்ததே. விடியல்தோறும் வெள்ளிக் கரண்டியால் நெய் வார்த்து, இருபத்தொரு போற்றி சொல்லி, மூன்றடி தள்ளி நிற்பது இக்குடியின் முறை. எவரும் அதைத் தொட்டதில்லை, அதனோடு பேசியதுமில்லை. அத்தகைய பூதம், சென்ற வளர்பிறை முதல், நொச்சி என்பவளின் பணியாரக் கடை அடுப்பில் போய்க் குந்தியிருக்கிறது.

அவள் நேற்று வந்தவள். ஏழு குழிக் கல்லும் கிழிந்த பந்தலுமே அவள் உடைமை. பூதத்தைக் 'குண்டா' என்று அழைக்கிறாள். கருகிய பணியாரத்தைத் தின்னக் கொடுக்கிறாள். அதுவும் அவளைக் கண்டு வாலாட்டுகிறது. அதற்கு வால் உண்டென்பதே நாயகருக்கு இப்போதுதான் தெரியவந்தது.

பூதம் தங்காத குடியிடம் முத்திரை எதற்கு என்று அவையில் கேட்கப்படும் நாள் தொலைவில் இல்லை. ஆகவே அக்கடையை மூடுக என்று நாயகர் ஓலை எழுதினார். எழுதி முடித்தபின்னரே, அரக்கை உருக்கப் பூதம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவைத் தலைப்பாகையோடும் அரக்குக் கட்டியோடும் அவர் அக்கடைக்கே செல்ல நேர்ந்தது. தயிர்க்காரிக்கும், சரக்கு சுமக்கும் பேராமைகளின் பாகர் இருவருக்கும் பின்னே நிறுத்தப்பட்டார். வழிவிடுமாறு பணித்ததற்கு, "பெரியவரே, முத்திரை உங்க வீட்டோடது, வரிசை எல்லாருக்கும்" என்று நொச்சி விடையளித்தாள். தெருவே சிரித்தது. நீரும் சிரித்ததாகத் தெரிகிறது.

தணலி ஓலையை முகர்ந்தது, ஊதவில்லை. இருபத்தொரு போற்றியும் சொல்லப்பட்டன. அது பணியாரக் குழிக்குள் இறங்கிப் புறங்காட்டிப் படுத்துக்கொண்டது. கூட்டம் கலையும்வரை காத்திருந்த நாயகர், குனிந்து, அங்கே அப்படி என்ன சுகம் என்று மெல்லக் கேட்டார். ஏழு தலைமுறையில் அக்குடி அதனிடம் கேட்ட முதல் கேள்வி அது. தணலி எழுந்து அவர் விரலில் ஏறி அமர்ந்தது. சுடவில்லை. இச்செய்தி உம்மளவில் நிற்க.

மூடச்சொன்ன ஓலை பூதத்துக்கே உணவாயிற்று. இனி ஆணை இதுவே: கடை நடக்கட்டும். மழையில் பூதம் நனையலாகாது. ஆதலால் பந்தல் அரண்மனைத் துணியால் மாற்றப்படுக. அடுப்பருகே ஒரு முக்காலி நாயகருக்கே உரியது, பிறர் அமரலாகாது. பூதத்தைக் 'குண்டா' என்று நொச்சி அழைக்கலாம். ஆனால் நாயகர் அமர்ந்திருக்கும்போது அவரைவிட அன்பாக அழைக்கலாகாது.

தணலி ஊதிய அரக்கில் இவ்வோலைக்கு முத்திரை பதிந்தது. ஓலையின் ஓரத்து எண்ணெய்க்கறையும் மெய்யே. அதுகொண்டு ஆணை செல்லாதென எவரும் உரையாதிருக்க.