மெத்தைக்குள் அரிசி

மாசி 6, வியாழன்

விடியும்போதே வெயில். ரப்பர் மரம் எல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது. வண்டிச் சடக்கில் நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. நல்ல காலம் பார்த்துத்தான் கைப்பிள்ளையோடு புறப்படுகிறேன்.

மூட்டையில்: பாப்பாவுக்குத் துணி (என் நீலச் சேலை, கிழித்தது). காய்ச்சிய தண்ணீர் ஒரு போத்தல். சுட்ட மரவள்ளி. மைச்சிமிழ். தேங்காயெண்ணெய், கொஞ்சம். பாப்பாவின் மெத்தை.

மெத்தைக்குள் அரிசி. பழைய துணியை மடித்து, நடுவில் ஒரு பால் டின் அரிசியைப் பரப்பித் தைத்தேன். கடையில் நூல் கிடையாது, அன்னாசி நாரால்தான் தைத்தேன். அனுமதிச் சீட்டு இல்லாமல் அரிசி கொண்டுபோனால் ஜப்பான்காரன் சும்மா விடமாட்டான். தெரிந்தேதான் செய்தேன்.

வீட்டுக்காரர் நேற்றுகூடச் சொன்னார். "கெழங்க மசிச்சு ஊட்டுனா போதும்லா. தோட்டத்துல எல்லாப் புள்ளையும் அதானே திங்குது." தின்னட்டும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளைக்கு முதல் வாய் கிழங்கா? சோறுதான். அதுவும் தாய்மாமன் மடியில்தான்.

அந்தத் தாய்மாமன், என் கூடப்பிறந்த அண்ணன், அவர் பேரைச் சயாமில் ஜப்பான்காரன் போடும் ரயில் வேலைக்கு எழுதிவிட்டார்கள். வருகிற வியாழன் லாரி வருமாம். போனவர்களில் திரும்பி வந்தவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்படவில்லை. அதனால்தான் இந்த அவசரம். வீட்டுக்காரருக்கு ஆபீசில் லீவு இல்லை. வண்டிக்கார மாரிமுத்து அண்ணன் ரெம்பாவ் பக்கம் கிழங்கு ஏற்றப் போகிறார், அவர் வண்டியில் நானும் பாப்பாவும். போக மூன்று நாள்.

அரிசி விஷயம் மாரிமுத்து அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏற்றமாட்டார்.

அதே நாள், சாயங்காலம், மம்பாவ்

இடுப்பு கழன்றுவிட்டது. லுக்குட் தாண்டியதிலிருந்து பாப்பாவுக்கு ஒரே பாட்டு. வண்டி ஓடினால் தூங்குகிறாள், நின்றால் அழுகிறாள். மாட்டைத் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை.

மா.மு. அண்ணன்: "கிராணிம்மா, இவ தொரையாத்தான் வருவா. மாட்ட ஒரு நிமிசம் நிக்க வுடுறாளா பாருங்க."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

கழுத்தெல்லாம் வேர்க்குரு அவளுக்கு. மெத்தையை இரண்டு முறை நனைத்தாள். அரிசியும் நனைந்திருக்கும். கழுவினால் போகும், வேறென்ன.

மெத்தையின் மூலையில் தையல் விட்டிருக்கிறது. விரலால் உள்ளே தள்ளிவிட்டேன். நார் கைவசம் இல்லை. அசதி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மாசி 7, வெள்ளி, செனாவாங்

மம்பாவ் தாண்டி சிரம்பான் சடக்கில் ஜப்பான்காரன் சோதனைச் சாவடி. இறங்கி, குனிந்து வணக்கம் வைத்தோம். ஒரு சிப்பாய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். பலகை மேல் வெள்ளையாக அரிசி. நாலைந்து மணிதான். ஒன்றை எடுத்து மா.மு. அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

கூட நின்ற போலீஸ்காரன் மலாயில் கேட்டான், யார் அரிசி என்று. அண்ணன், "தெரியாது துவான்" என்று பணிவாகத்தான் சொன்னார். அறை. மறுபடியும் கேட்டான், மறுபடியும் அதே பதில், மறுபடியும் அறை. உதடு கிழிந்தது. பிறகு ஒரு கல்லைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்கச் சொன்னார்கள்.

நான் பக்கத்தில். மெத்தையோடு சேர்த்துப் பாப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு.

அந்தச் சிப்பாய் என்னிடம் வந்து இரண்டு கையையும் நீட்டினான். மெத்தையைத்தான் என்று நினைத்தேன். கேட்டது பிள்ளையை. பிள்ளையைக் கொடுத்தேன், மெத்தையை வைத்துக்கொண்டேன். "கொதொமோ, கொதொமோ" என்று அவன் பாஷையில் கொஞ்சினான். பாப்பா அவன் தொப்பியைப் பிடித்து இழுத்துவிட்டுச் சத்தம் போட்டுச் சிரித்தாள். இதுவரை புன்சிரிப்புதான். முதல் முதலாக வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்கு, அங்கே. அவனும் சிரித்தான். அவன் தோளுக்குப் பின்னால் அண்ணன் இன்னும் கல்லைத் தூக்கியபடி வெயிலில் நின்றார்.

என் மனதில் முதலில் வந்தது என்ன? அப்பாடா, மெத்தையைப் பார்க்கவில்லை. அதுதான் வந்தது. மற்றதெல்லாம் அப்புறம்.

சொல்லியிருக்கலாம். பிள்ளையைக் கொஞ்சுகிறவன் பிள்ளையின் தாயை என்ன செய்துவிடப் போகிறான்? இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அப்போது வாய் திறக்கவில்லை.

விட்ட பிறகு அண்ணன் ஏறி மாட்டைத் தட்டினார். பிறகு துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போன வாரம் கடக்கார தவுக்கேயோட அரிசி மூட்ட ஏத்துனேன்லா. சரியா கூட்டாம வுட்டுட்டேன் போல. என்னால நீங்களும் பச்சப்புள்ளையும் பயந்துட்டீங்க. மன்னிச்சுக்குங்க கிராணிம்மா."

"பரவால்லண்ணே" என்றேன்.

பரவாயில்லையாம். நான் அவரை மன்னித்தேனாம்.

மாசி 8, சனி

செனாவாங் தோட்டத்து லயத்து வீட்டுப் பெண்கள் தங்கம். யார் எவர் என்று கேட்காமல் பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்கள். ராத்திரி ஒரே தூக்கம். வேர்க்குரு பாதி அடங்கிவிட்டது. இப்படி ஒரு பிள்ளை கையில் இருந்தால் எந்தக் கதவும் திறக்கிறது. அந்தச் சிப்பாயும் அப்படித்தானே. நினைக்கவே கூடாது.

காலையில் மா.மு. அண்ணன் வண்டியைக் கூட்டினார். பலகைச் சந்தில் முள்ளை விட்டு ஒவ்வொரு மணியாக நோண்டி எடுத்தார். லயத்து ஆட்களிடம், "எங்குத்தம்தான், கூட்டாம வுட்டது" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாப்பாவுக்கு மை வைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

பொழுது சாய என் அண்ணன் வீட்டில் இறங்கினேன். மா.மு. அண்ணன் கிழங்கு ஏற்றும் இடத்துக்குப் போய்விட்டார்.

மாசி 9, ஞாயிறு

அரிசியைக் களைந்தேன், களைந்தேன், தண்ணீர் தெளிகிற வரை. வாடை இல்லை. இருந்தாலும் சொல்லப் போவதில்லை.

என் அண்ணன் மடியில் பாப்பா. முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவது வாய் உள்ளே போனது, மூன்றாவதற்கு அவளே வாயைத் திறந்தாள். அண்ணன், "ஏய், மாமன் கைய கடிக்கிறா பாரு" என்று சிரித்தார். சிரித்தபடியே அழுதார். அவர் சோறு பார்த்து மாதக்கணக்கில் ஆயிற்றாம்.

இதற்குத்தான் வந்தேன். நடந்துவிட்டது. சந்தோஷம் வரவில்லை.

மா.மு. அண்ணனுக்கென்று ஓர் உருண்டை எடுத்து இலையில் மூடி வைத்தேன். கொடுத்தால், சோறு ஏது என்று கேட்பார். சாயங்காலம் நானே தின்றுவிட்டேன். வீணாகக் கூடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. ருசியாகவே இருந்தது.

மாசி 12, புதன், செனாவாங்

புறப்பட்டாயிற்று. என் அண்ணன் பாப்பாவின் காலைப் பிடித்தபடியே வண்டியோடு நடந்து வந்தார். மாடு வேகம் எடுத்ததும் விட்டுவிட்டார். நாளை லாரி. திரும்பிப் பார்த்தேன், சடக்கில் நின்றுகொண்டேதான் இருந்தார்.

வண்டி நிறையக் கிழங்கு மூட்டை. அதன் மேல் நாங்கள். மா.மு. அண்ணனுக்கு உதட்டில் பக்கு கட்டியிருக்கிறது. பாப்பா அதைத் தொடப் பார்க்கிறாள். அவரும் முகத்தைக் கொடுக்கிறார்.

மாசி 13, வியாழன், மம்பாவ்

சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் மா.மு. அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். விளக்குமாற்றை எடுத்தார். காலையில்தான் கூட்டியிருந்தார், மறுபடியும் கூட்டினார். மூட்டைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். ஒரு மணிகூடச் சிக்கவில்லை, மறுபடியும் தடவினார்.

"அண்ணே, அது என் அரிசி. மெத்தைக்குள்ள வச்சுத் தச்சிருந்தேன்."

விளக்குமாறு நின்றது. வண்டி நிற்பதால் பாப்பா அழ ஆரம்பித்தாள். அவர் என்னையே பார்த்தார்.

"நான் அடி வாங்குறப்ப பாத்துக்கிட்டுத்தான நின்ன?"

"ஆமா."

"ஆறு நாளா ஊரெல்லாம் எங்குத்தம்னு சொன்னேனே, அதையும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமாண்ணே."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. விளக்குமாற்றை உள்ளே எறிந்தார், ஏறி உட்கார்ந்தார், கையை நீட்டினார்.

"புள்ளையக் குடு. நீ எறங்கி நட."

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மாட்டைத் தட்டினார். வண்டி ஓடியதும் அழுகை நின்றது. நான் பின்னால்.

சாவடியில் வேறு சிப்பாய்கள். குனிந்தேன். நிமிர்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது, ஓட்டமும் நடையுமாகப் பிடித்தேன். அவர் தோளுக்கு மேலே தலையைத் தூக்கிப் பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள், அன்றைக்கு மாதிரியே சத்தமாக.

அவள் பசித்து அழுதபோது மட்டும் வண்டி நின்றது. பால் கொடுத்து முடித்ததும் மறுபடி கையை நீட்டினார். கொடுத்தேன்.

கால் முழுக்கக் கொப்புளம். நாளைக்கு லுக்குட் வரை இருக்கிறது. ஏறு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கப் போவதில்லை.