பேச முடிகிற வேகம்

சிம்பாங் பூலாய், மலேசியா,
செப்டம்பர் 12

அன்பு மகன் சுரேனுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதை நீ பதறாமல் படிப்பாய். டப்ளின் குளிரில் உனக்குச் சளி காய்ச்சல் வரக்கூடாது என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் பேரைச் சொல்லாமல் நகர்வதில்லை. போனும் வாட்சாப்பும் இருக்கும்போது அப்பா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். போனில் சொல்லிவிட நாலு ஞாயிறு முயன்றேன், முடியவில்லை. நீ "எப்படிப்பா ஓட்டம்?" என்று கேட்டவுடன் என் வாய் தானாக இன்னொரு பொய்யைச் சொல்லிவிடுகிறது. தாளில் என்றால் நீ குறுக்கே கேட்க முடியாது. ஆனாலும் இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை எழுந்து கேட் வரைக்கும் போய்விட்டு வந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ஒரு எடத்துல உக்காந்து எழுதுங்கலா, யாரு தொரத்துறா உங்கள" என்கிறாள்.

விஷயம் இதுதான் ஐயா. நான் ஐந்து கிலோமீட்டர் ஓடியதே இல்லை. மூன்றும் ஓடியதில்லை. போன வருடம் வரைக்கும் நீ போன் செய்தால் என்னிடம் பேசுவது எவ்வளவு நேரம் என்று உனக்கே தெரியும். சாப்டீங்களாப்பா, மாத்திர போட்டீங்களா, சரிப்பா அம்மாகிட்ட குடுங்க. குறையாகச் சொல்லவில்லை, எனக்கும் உன்னிடம் என்ன பேசுவதென்று தெரிந்ததில்லை. முப்பத்தொரு வருடம் கல் உடைக்கிற மிஷின் பக்கத்தில் நின்றவன், அங்கே கையைக் காட்டித்தான் பேசுவோம், அது வீட்டுக்கும் வந்துவிட்டது. பிப்ரவரியில் நீ ஓட ஆரம்பித்ததாகச் சொல்லி, "நீங்களும் ஓடுங்களேன்பா, சுகருக்கு நல்லது" என்றாய். மறுநாள் காலை நம் தாமான் குடியிருப்புத் திடலுக்குப் போனேன். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் நாங்கள் ஓடியதெல்லாம் மழைக்கும், காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்குள் போய் நிற்பதற்கும்தான். சும்மா ஓடுவது எப்படி என்றே தெரியவில்லை. இரண்டு விளக்குக் கம்பம் தாண்டினேன், மூச்சு அடைத்துக்கொண்டது, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஞாயிறு நீ கேட்டபோது ஒரு கிலோமீட்டர் என்றேன். உனக்கு வந்த சந்தோஷம்! சப்பாத்து எப்படிக் கட்டுவது, மூச்சு எப்படி விடுவது என்று இருபத்தைந்து நிமிடம் என்னிடமே பேசினாய். அம்மா போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். அடுத்த வாரமும் நீ அப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதனால் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போனது. ஓடியது நாக்குதான்.

ஜூன் மாதம் நீ, "நவம்பர்ல லீவுக்கு வாரேன்பா, ஈப்போவுல ஒரு ஓட்டம் இருக்கு, பத்து கிலோமீட்டர், ரெண்டு பேருக்கும் பேர் குடுத்துட்டேன்" என்று சொன்னாய். ஐந்து மாதத்தில் பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று நினைத்தேன். ஈப்போ போலோ திடலில் சனிக்கிழமை காலையில் ஒரு கூட்டம் ஓடுகிறது, சாந்தினி என்று ஒரு டீச்சர் நடத்துகிறாள், நல்ல பெண். அம்மாவிடம் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண், "அங்கிள், நீங்க எவ்ளோ ஓடுவீங்க?" என்று கேட்டாள். உன்னிடம் சொல்லிப் பழகிய வாய், ஐந்து என்றது. ஐந்து ஓடுகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிட்டாள். முதல் சுற்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர்கள் முதுகைப் பார்த்தே ஓடினேன். நிறுத்தலாம் என்று தோன்றியபோதெல்லாம் பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று நிறுத்தவில்லை. இரண்டாம் சுற்றில் மரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அப்புறம் புல்லில் கிடந்தேன். முழங்கையும் முட்டியும் தோல் போய்விட்டது. சாந்தினி தொப்பியால் விசிறிக்கொண்டு யாருக்குப் போன் போடணும் என்று கேட்டபோது முதலில் உன் பேர்தான் வாயில் வந்தது. அப்புறம் அம்மா நம்பரைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுச் சீனியின் காரில் வந்தாள். இறங்கியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள். "பாசாருக்குப் போறதுக்கா இந்தச் சப்பாத்து?" என்றாள். அதோடு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதை உன்னிடம் மறைத்தோம், கோபப்படாதே. கிளினிக்கில் இருதய கிராஃப் எடுத்தார்கள், ஏதோ ஒரு இடத்தில் சந்தேகமாக இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரியில் மிஷின் மேல் நடக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் நாள் கிடைத்தது. அந்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை எழுதி முடியாது. டிவி போடுவேன், அணைப்பேன். பேப்பரைப் பிரித்தால் ஒரே பத்தியில் நிற்பேன். ஓடாதே என்று சொன்னதனால் வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அந்த ஞாயிறுகளிலும் நீ கேட்டாய், நானும் ஐந்து, ஐந்தரை என்று சொன்னேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள். போனை வைத்த பிறகு, "புள்ளகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆண்டவன் புண்ணியம், அந்தப் பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. ரிப்போர்ட் தாளைக் கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன், இந்த முறை நம்பலாம். இனி ஓடவே கூடாதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தாராளமாக ஓடுங்கள், ஆனால் பக்கத்தில் ஒருவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள், அதுதான் இப்போதைக்கு உங்கள் வேகம் என்றார். வெளியே வந்ததும் அம்மா, "அப்ப பேசுறதுக்கு ஆள் வேணும்ல, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும் நிலைமையிலும் நான் இல்லை.

முதல் நாள் என்ன ஆனது தெரியுமா, நான் ஓடுகிறேன், அம்மா சுடிதாரோடு நடக்கிறாள், இரண்டு பேரும் ஒரே வரிசையில் போகிறோம். பாசாரானாலும் கோயிலானாலும் கல்யாணமான நாளிலிருந்து பத்தடி முன்னால் நடந்தவன் நான், அம்மா பின்னால் வருகிறாளா என்று திரும்பியும் பார்த்ததில்லை. இப்போது நான் ஓடினாலும் அவளைத் தாண்ட முடியவில்லை. அந்த நேரம் பார்த்துச் சீனி மோட்டாரில் வந்து, "என்னா கார்த்தி, ஓடுறியா நடக்குறியா?" என்று கத்திவிட்டுப் போனான். எனக்கு ரோஷம், வேகத்தைக் கூட்டினேன், அடுத்த கம்பத்துக்குள் பேச்சு நின்று கால்வாய் ஓரம் குனிந்துவிட்டேன். அம்மா நடந்தே வந்து சேர்ந்தாள். "அவன் மோட்டார்ல போறான்லா, அவனுக்கென்ன" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தேன்.

அதற்கப்புறம் ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். காலையில் எவனாவது என்னைத் தாண்டிப் போனால் கால் இன்னமும் துடிக்கிறது. ஆனால் பேச்சு நிற்கக்கூடாதே, அதனால் அடக்கிக்கொள்கிறேன். என்ன பேசுவது என்று முதல் வாரம் தவித்தேன், சாலைக் குழியையும் லோரித் தூசியையும் பற்றிச் சொன்னேன். பிறகு வேறு பேச்சும் வந்தது. நீ புறப்பட்ட அன்று விமான நிலையத்தில் நீ உள்ளே போகும் முன்பே லேட்டாகிறது வா வா என்று அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தேனே, அவளுக்கு அது ஆறு வருடமாக மனத்தில் இருந்திருக்கிறது. போன வாரம் திடலின் மூன்றாவது சுற்றில் கேட்டாள். அழுதுவிடுவேன் என்று பயந்துதான் என்றேன். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், "அத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் நின்னு அழுதிருக்கலாம்ல" என்றாள். பேச்சு நின்றது நான் வேகமாகப் போனதால் அல்ல.

இன்று காலை நிலவரம், நிற்காமல் இரண்டரை கிலோமீட்டர், இருபத்தெட்டு நிமிடம். அம்மா கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னது, சந்தேகம் இருந்தால் அவளைக் கேட்டுக்கொள். கடைசிச் சுற்றில் மட்டும் அவள் என்னோடு வர இரண்டு மூன்று எட்டு ஓட வேண்டியிருந்தது. பத்து கிலோமீட்டர் நவம்பருக்குள் என்னால் ஆகாது. அந்த ஓட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்டு என் பேரை மூன்று கிலோமீட்டருக்கு மாற்று, அம்மா பேரையும் சேர். மாற்ற முடியாது என்றால் விட்டுவிடு, நாங்கள் ஓரமாக வருவோம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும் என்றார்கள், நடுவில் ஒரு ஞாயிறு வருகிறது, அதை நினைத்தால் இப்போதே உட்கார முடியவில்லை. எத்தனை கிலோமீட்டர் என்று இனி நீ கேட்காமல் போய்விடுவாயோ என்றும் இருக்கிறது, கேட்பாயோ என்றும் இருக்கிறது.

நவம்பரில் அந்த ஓட்டத்தன்றைக்கு ஒன்று மட்டும் செய். எனக்குத் துணை என்று என் பக்கத்தில் மெதுவாக வராதே. எனக்காக நீ வேகத்தைக் குறைத்தால் உனக்குக் கால் வலிக்கும், உனக்காக நான் கூட்டினால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். நீ உன் ஓட்டத்தை ஓடி முடி, தண்ணீர் குடி, ஈரச் சட்டையை மாற்றிக்கொள். அப்புறம் ஓட்டம் முடிகிற இடத்தில் நின்று பார். கூட்டமெல்லாம் வந்து முடிந்த பிறகு நானும் அம்மாவும் பேசிக்கொண்டே வந்துகொண்டிருப்போம்.

பாஸ்போர்ட் தேதியை இன்றே எடுத்துப் பார், போன முறை போல் கடைசி வாரத்தில் ஓடாதே. அங்கே மழையில் ஓடிவிட்டு ஈரத் தலையோடு பஸ் ஏறாதே. நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, மனம் நிறைந்து இரு சாமி.

அன்போடு ஆசீர்வதிக்கும் உன் அப்பா,
கார்த்திகேசு