ஆறு வாழைக்காய் நறுக்கும் நேரம்

அக்கா,

வேங்கிக்கால் பக்கம் வீடு மாற்றிப் போகிறோம். நேற்று மருமகள் பரணைக் காலி செய்யும்போது பழைய பித்தளைச் செம்புக்குள் ஒரு நீலச் சீசா கிடைத்தது. கட்டைவிரல் உசரம்தான் இருக்கும். "இது என்னா அத்தே, மருந்தா?" என்று மூடியைத் திருகினாள். உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை. ஆனால் வாசனை இருந்தது. பத்து வருஷம் ஆகியும் இருந்தது. அவள் மூக்கோடு வைத்து இழுக்க, நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். போகட்டும்.

எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு. உனக்கு அதுவும் கிடையாது. நீ உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தாலும் இதை யாராவது வாசித்துக் காட்டித்தான் ஆகணும், அதனால்தான் அப்போது எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய். ஒரே கூரைக்குக் கீழே இருந்தவளுக்கு எழுதுவானேன்? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் போதும்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு நீ வந்தாய், மூன்று வருஷம் கழித்துத் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு நான் வந்தேன். வந்த முதல் மாசம் உன் அம்மா வீட்டு ஜனங்கள் விருந்துக்கு வந்த அன்று காரக்குழம்பு வைத்தேன். நீ அடுப்புக்கிட்டகூட வரவில்லை. வாசப்படியில் நின்றபடியே, "உப்பு போடலை" என்றாய். வாயில் போட்டுப் பார்த்தால் நிஜமாகவே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். "மூக்குத்தி மாட்டறதுக்குன்னே மூக்கு வெச்சினு வந்திருக்கா இவ" என்றாய். உன் கூடப்பிறந்த தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். அன்று நீ கட்டியிருந்தது பச்சைச் சுங்குடி. நான் மறக்கவில்லை. எதையும் நான் மறப்பதில்லை, அது உனக்குத் தெரியும்.

கிரிவலப் பாதையில் இருந்த சத்திரத்தில் நம் இரண்டு பேருக்கும் சமையல் வேலை. அங்கே உலை உன்னுடையது, அரிவாள்மணை என்னுடையது. முதல் பந்திக்கு முன்னால் சாமிக்குப் படைக்கணும், படைக்கிற வரைக்கும் எதையும் நாக்கில் வைக்கக்கூடாது. உப்பு சரியா, வெல்லம் போதுமா, எல்லாம் ஆவியிலேயே தெரியணும். குனிந்து மோந்து பார்ப்பதும் தப்பு என்பார் சத்திரத்து மணியக்காரர். "நான் எங்க மோந்தேன்? அதுவா வந்து என் மூக்குல ஏறுது, நான் என்னா பண்றது?" என்பாய். அவருக்கே சிரிப்பு வந்துவிடும். நாக்கில் படாமல் நூறு படி அரிசியைப் பொங்கி இறக்குகிறவள் என்று உனக்குப் பேர் இருந்தது. அந்தப் பேர் எனக்கு எரிச்சலாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சீசா வந்த வருஷம் ஆவணியில் உனக்கு விஷக்காய்ச்சல் கண்டது. இருபத்திரண்டு நாள். ஊசி போட்டு, கஞ்சி ஊற்றி, எப்படியோ பிழைத்து எழுந்தாய். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல, டானிக் குடிங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தது நீ இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். தலை வாருவதில்லை. சோற்றைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு வாய் அள்ளிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாய். நான் வேண்டுமென்றே உன் கல்சட்டியை எடுத்துப் புழங்கினேன். மற்ற நாளாக இருந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பாய். அன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

செங்கம் ரோட்டு நாட்டு வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். "ஒடம்புல ஏறின காய்ச்சல் எறங்கிடுச்சும்மா. மனசுல ஏறினது எறங்கல. வாசனையா எதையாச்சும் பக்கத்துல வெச்சினே இருங்க. மனசுக்கு மருந்து மூக்கு வழியாத்தான் போவும்" என்றார். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நொச்சி இலையைக் காயவைத்துத் தலையணை தைத்தேன். குடிக்கிற பானையில் வெட்டிவேர் போட்டேன். விடியலில் கோயிலுக்கு ஓடி மகிழ மரத்தடியில் பூ பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். பூக்கடையில் மரிக்கொழுந்து இறக்கும்போதே போய் நின்று, வாடுவதற்குள் ஓட்டமும் நடையுமாகக் கொண்டுவந்து உன் தலைமாட்டில் வைத்தேன். "இது வூடா, பூக்கடையா? ராத்திரி படுத்தா கல்யாண சத்திரத்துல படுத்த மாதிரி கீது" என்றார் என் வீட்டுக்காரர். "உங்க பீடி நாத்தத்துக்கு இது தேவலாம்" என்றேன். நீ அதற்கும் சிரிக்கவில்லை.

அந்தச் சீசாவும் அப்போது வந்ததுதான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கையால் கேட்டாள். நானும் கன்னத்தில் கை வைத்து, சுவரைப் பார்த்துப் படுத்துக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவளும் ஏதோ நோயில் விழுந்து எழுந்து, மனசு எழாமல்தான் இந்த ஊருக்கு வந்தவள் போல. பெட்டியிலிருந்து நீலச் சீசாவை எடுத்து, தலையணையைத் தட்டி, இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு சொட்டு. சீசாவின் மேல் ஊதாப்பூப் படம் ஒட்டியிருந்தது, அவள் ஊர்ப் பூவின் எண்ணெய் போல. நான் இரண்டு சொட்டு விடவில்லை, ஆறு சொட்டு விட்டேன். எனக்கே தலை கிறுகிறுத்தது. "எப்படிக்கா இருக்கு?" என்றேன். "உம், வெச்சுட்டுப் போ" என்றாய்.

ஐப்பசியில் ஒருநாள் உன் அறைக்குள் நுழைந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குதிருக்குப் பின்னால் எலி செத்து ஊறிக் கிடந்தது. இரண்டு நாளாவது ஆகியிருக்கும். நீ அதற்கு ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தாய்.

"அய்யோ, நாறுதேக்கா! உனக்குத் தெரியலியா?"

"தெரியாம என்னா. எழுந்திருக்க முடியல."

அள்ளிக் கொட்டிவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன். இந்த நாற்றத்தைக்கூடப் பொருட்படுத்தாத அளவுக்கு இவள் மனசு செத்துவிட்டதே என்று அழுதேன். கண்ணெதிரே இருந்ததை நான் புரிந்துகொண்ட விதம் அப்படி. மறுநாள் மரிக்கொழுந்து இரண்டு பங்கு வாங்கினேன்.

கார்த்திகை பிறந்து நாலு நாள் இருக்கும், காலையில் எழுந்து பார்த்தால் நீ தலைவாரிக்கொண்டிருந்தாய். "சத்திரத்துக்கு நானும் வர்றேன்" என்றாய். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. "என் மரிக்கொழுந்துதான் எங்கக்காவ எழுப்பி உக்கார வெச்சிது" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன். வந்தவாசியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவரப் போவதாக மணியக்காரர் உனக்குச் சொல்லி அனுப்பியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. வாசனை உன்னை எழுப்பவில்லை. அந்த அடுப்பை இன்னொருத்திக்குக் கொடுக்க முடியாமல்தான் நீ எழுந்தாய்.

தீபத்தன்று காலை. கோட்டை அடுப்பில் பெரிய தவலை, சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல். நீ துடுப்பைப் பிடித்து நின்றிருந்தாய். நான் பத்தடி தள்ளி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெல்லம் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்கு மெல்ல வந்தது, அடிப்பிடிக்கிற வாடை. நிமிர்ந்து பார்த்தேன். நீ மேலாகத் துழாவிக்கொண்டு, பொங்கலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இவளுக்கா தெரியாது, இதோ விறகை இழுக்கப் போகிறாள் என்று ஒரு வாழைக்காயை நறுக்கினேன். நீ இழுக்கவில்லை. இரண்டாவது காயை நறுக்கும்போது எனக்குப் பச்சைச் சுங்குடி ஞாபகம் வந்தது. உன் தம்பி புரையேறச் சிரித்தது ஞாபகம் வந்தது. இன்றைக்கு நீயும் ஒரு வாட்டி நாலு பேர் முன்னால் குனிந்து நில்லேன் என்று தோன்றியது. தோன்றியது என்று எழுதுகிறேன், ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி. மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது காயை நறுக்கி முடிக்கும்போது புகை கண்ணுக்கே தெரிந்துவிட்டது.

மணியக்காரர் ஓடிவந்தார். "கருகினதையா சாமிக்கு வெப்பே? மூக்கு என்னா அவிஞ்சா போச்சு உனக்கு?" பந்திக்கு வந்த ஜனமெல்லாம் எட்டிப் பார்த்தது. நீ சண்டை போடுவாய், பதிலுக்கு ஏதாவது சொல்லுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ துடுப்பைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஜனத்துக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனாய். மறுநாளே வந்தவாசிக்காரி வந்துவிட்டாள். அவளை இன்றைக்குக் கண்டாலும் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்?

மூன்று நாள் நீ யாரிடமும் பேசவில்லை. நாலாம் நாள் மத்தியானம், மரிக்கொழுந்தை நான் தலைமாட்டில் வைக்கும்போது, "இனிமே வாங்காதடி, வீண்செலவு" என்றாய். "காய்ச்சல்லயே போயிடுச்சு. சோறும் மண்ணும் எனக்கு ஒண்ணுதான். எலி நாறினதும் தெரியல, நீ வெச்ச பூவும் தெரியல. மூக்கு போனவ எதுக்கு அடுப்புகிட்ட நிக்கணும்? வெளியில தெரிஞ்சா அன்னிக்கே அனுப்பிடுவாங்கன்னுதான் மூடி வெச்சேன். உப்பும் வெல்லமும் கைக்கணக்குல போட்டு ஓட்டினேன்."

"அப்ப மூணு மாசமா நான் கொண்டாந்ததெல்லாம்? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"மூச்சு வாங்க ஓடியாந்து நிப்பே. வேர்த்துக் கொட்டும் உனக்கு. அந்த மூஞ்சியப் பாத்து எப்படிடி சொல்றது?"

அப்புறம்தான் அதைக் கேட்டாய். கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகமாகக்கூடக் கேட்கவில்லை. "ஆமா, நீ பத்தடி தள்ளித்தானே குந்தினு இருந்தே. உனக்குமா வாடை வரல?"

சொல்லியிருக்கலாம். "சளி புடிச்சிருந்துதுக்கா. மூக்கு அடைச்சிருந்துது" என்றேன்.

நீ பதறிப்போய் எழுந்தாய். மூன்று நாளாகத் தண்ணீர் மொள்ளக்கூட எழாதவள். "அடிப் பாவி, மூக்கடைப்ப வெச்சினு சும்மாவா கீறே? எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிது" என்று அடுப்பு மூட்டினாய். நான் உனக்குத் தைத்த தலையணையைப் பிரித்து நொச்சி இலையை எடுத்தாய். ஓமத்தைக் கசக்கிப் போட்டாய். கொதிக்கிற பானையை என் முன்னால் வைத்து, போர்வையால் என்னை மூடி, மேலே கையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாய். "நல்லா இழு. இழுடி. உள்ள போவட்டும்." எனக்கு இல்லாத சளிக்கு அரை மணி நேரம் ஆவி பிடித்தேன். அந்த இருட்டுக்குள் ஓமமும் நொச்சியும் கண்ணையும் நெஞ்சையும் அறுத்தன. போர்வையை விலக்கியபோது முகமெல்லாம் தண்ணீர். வேர்வை என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டாய்.

"இப்ப வாசனை தெரியுதா?"

"தெரியுதுக்கா."

"அப்பாடி" என்று சுவரில் சாய்ந்துகொண்டாய். "எனக்குப் போனது போவட்டும். உனக்காச்சும் நிக்கணும்."

அதற்குப் பிறகு நீ அடுப்பு மூட்டவில்லை. கஞ்சி குறைந்தது, பிறகு தண்ணீர் குறைந்தது. வியாதி ஒன்றும் இல்லை என்றே கடைசி வரைக்கும் சொன்னார்கள். பங்குனியில் போய்விட்டாய். நடுவில் நாலு மாசம். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ என் மூக்கைத் தொட்டுப் பார்த்து, "அடைப்பு இல்லியே?" என்பாய். "இல்லக்கா" என்று எழுந்து போய்விடுவேன்.

நாலு பேர் என்னிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஓரகத்திக்கு இப்படிப் பாடுபட்டவள் உண்டா, எத்தனை பூ, எத்தனை வேர் என்றார்கள். அதையும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. யாரையும் மன்னித்துப் பழக்கமில்லை எனக்கு. உன் தம்பியை மன்னிக்கவில்லை, மணியக்காரரை மன்னிக்கவில்லை. என்னை மட்டும் எப்படி மன்னிக்கிறது?

எனக்குச் சளி இல்லை அக்கா. அன்றைக்கு முதல் வாழைக்காயிலேயே எனக்கு வாடை வந்துவிட்டது.