நடுவில் இருந்த தூசி

லாரி போன பிறகு சன்னல் கம்பியில் செம்மண் படிந்திருந்தது. விரலால் துடைத்தேன். தொட்டிலில் குழந்தை ஒருமுறை இருமினாள். ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. அப்புறம்தான் உன் நினைவு வந்தது. இல்லை, அது எங்கே போயிருந்தது?

மதராஸில் கல்லூரி விடுதியில் என் தலையைப் பின்னிவிட்டபடியே, சஞ்சிகையில் படித்ததைச் சொல்வாய். நட்சத்திரங்களுக்கு நடுவில் தூசி இருக்கிறதாம். அதை அறியாமல், மங்கலாய்த் தெரிந்தவற்றையெல்லாம் வெகுதூரத்தில் இருப்பதாகக் கணக்குப் போட்டுவிட்டார்களாம்.

"அண்டம் உண்டான புதுசுலயே தூசி இருந்திருக்குமாடி? நட்சத்திரக் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவுலகூட?"

"இருந்தா யாரு பெருக்குறது? மொதல்ல பின்னலை முடி."

நீ பின்னலை வெடுக்கென்று இழுத்தாய்.

பிறகு நான் மலாயாவுக்கு வந்து, தம்போயில் தோட்டக் கணக்கெழுதும் ஒரு கிராணியின் மனைவியானேன். உனக்குப் பெக்கோக் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் வேலை. குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் ரயிலேறி வந்தாய். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படியிலேயே நின்றாய்.

"உள்ள வாடி. கால் கழுவிட்டு வந்து தூக்கிக்க."

"இங்கேருந்தே தெரியுறாள்ல. ஒன் மூக்குதான், பாவம்."

"தீட்டுன்னு பாக்குறியா? நீயா?"

நீ குனிந்து, தைத்துக்கொண்டு வந்த சட்டையைப் படியில் வைத்தாய். "கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துட்டு மாட்டி விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய்.

இவ்வளவு படித்தவளுக்குத் தீட்டா என்று எனக்கு ஆத்திரம். அதன்பின் உன் கடிதங்களும் இரண்டு வரியாய்ச் சுருங்கின. விலகிவிட்டாய் என்றே முடிவுகட்டினேன். கடைசி இரண்டுக்கு நான் பதிலே எழுதவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்துதான் உன் அண்ணன் இங்கே வந்தார்.

"காசநோய்ம்மா. அப்பவே இருமுனா ரத்தம். புள்ளைக்கு ஒட்டிக்கும்னுதான் வாசல்லயே நின்னுச்சாம். பால் குடுக்குறவ பயந்துருவா, சொல்லாதீங்கன்னுருச்சு."

அவர் போன பிறகு அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். கோபத்தில் குழந்தைக்கு ஒருநாளும் போட்டுவிடாத சட்டை. இனி அவளுக்குப் பத்தாது.

வாசற்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஆறடி இருக்கும். உள்ளே வா, வா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டேனே தவிர, நான் எழுந்து வரவில்லை. வந்திருந்தால் நீ பின்வாங்கியிருப்பாய். அப்போதாவது உன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்திருப்பேன்.

குழந்தை இப்போது தவழ்கிறாள். இறக்கிவிட்டால் அந்த ஆறடியை ஒரே மூச்சில் கடந்து, நீ நின்ற படியில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே பார்க்கிறாள். படியில் தூசி என்று நான் அவளை அங்கிருந்து தூக்கிவிடுவதில்லை.